மழையில்லாத ஊருக்குக் குடை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தினமும் சாயங்காலம் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போய்விட்டு, வருடத்துக்கு ஒருமுறை மழையே இல்லாத ஊருக்குக் குடையோடு விமானம் ஏறுகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் லிப்ட் பராமரிப்பு அலுவலகத்தின் மூத்த டெக்னீஷியன். எல்லோருக்கும் குடை அண்ணன்.

நடந்தவை வரிசையாக:

1. முதல் வருடம் கறுப்புக் குடையோடு ராமநாதபுரம் கடலோரம் போனார். குடை இல்லாமல் திரும்பினார்.
2. அடுத்த வருடம் நீலக் குடை. அதுவும் திரும்பவில்லை.
3. மூன்றாவது, அலுவலகப் பெயர் போட்ட மஞ்சள் குடை. அது என்னுடையது.
4. இந்த வருடம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். நான் போனேன்.

மூன்றாவது குடைக்குப் பிறகு நேரடியாகவே கேட்டிருந்தேன்.

"அங்கதான் மழையே இல்லையேண்ணே, குடை எப்படிக் காணாம போகும்?"

"காணாம போகல லா. வச்சிட்டு வந்துட்டேன்."

மறதி என்று நினைத்துச் சிரித்தோம். "அடுத்த தடவ கழுத்துல கட்டி அனுப்பணும்" என்றார் ஸ்டோர் அங்கிள்.

ஆபரேஷனுக்கு முன்தினம் பார்க்கப் போனேன். முழங்காலைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"கடலோரத்துல ஒத்தையா ஒரு குடைவேல மரம் இருக்கும்மா. அது வழியா ரோடு போடப் போறாங்களாம். அதுக்கடியில ஒரு மணி நேரம் உக்காரத்தான் நான் வருஷம் பூரா லிப்ட் குழிக்குள்ள இறங்குறேன். இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா."

"எப்படிப் போறது?"

"கடைசி ஸ்டாப்புல இறங்கு. அதுக்கு மேல கால் இருக்கு லா" என்றவர் தன் முழங்காலைப் பார்த்துச் சிரித்தார். "குடை மறக்காத."

வானிலை முன்னறிவிப்பைப் பார்த்தேன். ஒரு துளி மழைகூட இல்லை. பயணப் பட்டியலில் குடையை அடித்துவிட்டேன்.

கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் மணல், பனை, முள், உதட்டில் உப்பு. உச்சி வெயிலில் அரை மணி நேரம் நடந்தபோதுதான், குடை மழைக்கு மட்டும் என்பது கோலாலம்பூர்க்காரியின் நினைப்பு என்று புரிந்தது. மரம் நின்றது, விரித்த குடை போலவே தட்டையாக. அடியில் ஏழு ஆடுகள், எனக்கு இடமில்லை.

சற்றுத் தள்ளி மூன்று பெண்கள் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் கம்பில் கட்டிய கறுப்பு, நீலம், மஞ்சள். மாடி வீடே இல்லாத அந்தக் கரையில் என் குடை, 'லிப்ட் நின்றால் உடனே அழைக்கவும்' என்றது.

"மலேசியாவா?" என்றார் மஞ்சள் குடை அக்கா.

"எப்படிக்கா தெரியும்?"

"அவரு மாதிரியே மரத்தத் தேடி வர்றீங்களே. ஆனா குடை எங்க?"

"கொண்டு வரல."

"சரி, இங்ஙன உக்காருங்க. அவரு வரலையா? போன தடவையே நொண்டுனாரே."

என் குடைக்கு அடியில் விருந்தாளியாக உட்கார்ந்தேன்.

திரும்பி வந்து அண்ணனிடம் புகைப்படத்தைக் காட்டினேன். குடைகளை அவர் பார்க்கவில்லை. மரத்தைப் பெரிதாக்கினார். அடிமரத்தில் சிவப்பில் ஓர் எண்.

"வெட்டவா, விடவா?"

"அங்க யாருக்கும் தெரியலண்ணே."

"ஆடு இருந்துச்சா?"

"ஏழு."

"அப்ப இன்னும் மரம்தான்."

இன்றைய நிலை: மரம் நிற்கிறது. எண்ணும் இருக்கிறது. அண்ணன் மாடிப்படி ஏறப் பழகுகிறார். என் மேசைக்கு அடியில் இரண்டு புதுக் குடைகள் இருக்கின்றன.