நாய் பறந்த படமும் எங்கள் தெருவின் தீர்ப்பும்

அருகன் துணை

ஆரணி,
18-5-1986

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஜெயச்சந்திரன் அவர்களுக்கு, மாமனார் குந்துநாதன் எழுதுவது. இங்கே நானும், உங்கள் அத்தை சக்ரேஸ்வரியும், கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் பேத்தி அனந்தியும் சுகமாக இருக்கிறோம். சென்னையில் நீங்களும் ஜெயவதியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெயிலில் குடையில்லாமல் ஆபீசுக்குப் போக வேண்டாம் என்று அத்தை சொல்லச் சொல்கிறாள்.

நிற்க. தாங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய வீடியோ கேசட் பத்திரமாக வந்து சேர்ந்தது. 'பறக்கும் சக்தி படைத்த வீட்டு நாயைப் பற்றிய கார்ட்டூன் படம். மாமா முதலில் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஏற்றதுதான் என்று பட்டால் மட்டும் அனந்திக்குக் காட்டவும்' என்று தாங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. போன வருஷம் உங்கள் தெருவில் நாய் துரத்தியதிலிருந்து குழந்தை தனியாக வாசற்படி தாண்டுவதில்லை. கோயிலுக்குக்கூட என் தோளில் ஏறித்தான் வருகிறாள். ஆறு வயதுப் பிள்ளையைச் சுமந்து என் இடுப்பு என்ன பாடு படுகிறது என்பது இருக்கட்டும், தரையில் ஓடும் நாய்க்கே இந்தப் பயம் என்றால் ஆகாயத்தில் பறக்கிற நாயைப் பார்த்தால் எதற்குத்தான் பயப்படமாட்டாள்? வானத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டால் பிறகு உங்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? சப்-ரிஜிஸ்திராராக இருந்த காலத்தில் எத்தனையோ பத்திரங்களைப் பதிந்திருக்கிறேன், இப்படி ஒரு பொறுப்பு என் தலையில் விழுந்ததில்லை.

ஆகவே நேற்று சாயங்காலம் கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வரவழைத்து, நானும் அத்தையும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பதென்று ஏற்பாடு. ஆனால் ரிக்ஷாவிலிருந்து டி.வி. இறங்கியதை ஊரே பார்த்துவிட்டது. எதிர்வீட்டு அருணகிரி, பட்டுப்புடவை பார்டருக்கு டிசைன் வரைகிறவர், சட்டைகூடப் போடாமல் ஓடிவந்து, "சார், ஒருத்தர் பார்த்து முடிவு சொன்னா எப்படி சார்? எங்க வூட்டுப் புள்ளைங்களும் பார்க்கப் போவுதுல்ல. நாங்களும் பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்றார். நியாயமாகப் பட்டது. அவர் பின்னாலேயே தெருவிலுள்ள பெரியவர்கள் அத்தனை பேரும் நியாயம் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகளை எல்லாம் மூன்றாம் வீட்டுக் கிருஷ்ணம்மாளிடம் ஒப்படைத்து, அனந்தியையும் தூக்கிக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வந்து கதவைத் தாழிட்டேன்.

மாப்பிள்ளை, அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குட்டைக் கால் நாய். முதுகில் ஒரு கட்டம் போட்ட துணி. வீட்டுக்காரச் சிறுமி ஒரு பன்னைக் கொடுக்க, அதைத் தின்றதும் ஜிவ்வென்று எழும்பி மாதா கோயில் கோபுரத்துக்கு மேலே போய்விட்டது. அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏங்க, அந்த பன்னுல முட்டை போட்டிருப்பாங்களா?" எனக்கும் அதே கவலை. நம் வீட்டுப் பிள்ளை பார்க்கும் படத்தில் ஒரு பிராணியின் பலம் முட்டையிலிருந்து வரலாமா? அதற்குள் அருணகிரி, "கொஞ்சம் சும்மா இருங்கம்மா! அந்தத் துணியப் பாருங்க. காத்துல மடியுது, மடிப்புல கட்டம் வளையுது. எவனோ ஒருத்தன் குந்திகினு ஒவ்வொரு கட்டமா கையால போட்டுருக்கான் சார்! பார்டர்ல ஒரு மயிலைத் தலை திருப்ப வைக்கிறதுக்குள்ள எனக்குக் கழுத்து சுளுக்கிக்குது" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அதன்பின் நானும் அந்தத் துணியைத்தான் பார்த்தேன். நாய் மேகத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வரும்போது துணியின் ஓரம் ஈரமாக இருந்தது. மனிதன் கையால் வரைந்ததுதானா என்று உடம்பு சிலிர்த்துப் போனது.

இன்னொன்று, அந்த நாய் யாரையும் கடிக்கவில்லை. திருடர்களைத் தன் துணியால் சுற்றிக் கட்டி, ஒரு மரத்தடியில் பத்திரமாக இறக்கிவைத்தது. "நம்ம அகிம்சை தர்மந்தான்" என்று அத்தை பூரித்துப் போனாள். பூரிப்பில் நாங்கள் இருவரும் ஒன்றை மறந்துவிட்டோம். பொழுது சாய்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நம் ஜைன முறைப்படி சூரியன் இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிடும் குடும்பம் எங்களுடையது. செய்துவைத்த உப்புமா அடுப்படியில் அப்படியே இருந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவளோ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஒரு ராத்திரி பட்டினி கிடந்தா இன்னா ஆயிடும்? மறைக்காம ஒக்காருங்க" என்றாள். என் மனைவி என்னிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது படத்தில் சிறுமி வெள்ளத்தின் அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். மழையில் பன் கரைந்து போய்விட்டது. நாய்க்குப் பறக்கும் சக்தி இல்லை. ஓடிவந்து கரையில் நிற்கிறது, தண்ணீரைப் பார்க்கிறது, சிறுமியைப் பார்க்கிறது. பார்த்துவிட்டு, தன் குட்டைக் கால்களோடு குதித்தே விட்டது! நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். நடு ஆற்றில் தலை மட்டும் தெரிகிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இருட்டில் நின்றுகொண்டே இருந்தோம். அருணகிரி விசும்புவது கேட்டது. நானும் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்பதைத் தங்களிடம் மறைப்பானேன். அப்போது தெருப்பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு சின்னக் குரல்: "அழாதீங்க தாத்தா. அது கரை ஏறிடும்."

டார்ச்சை அடித்தேன். ஜன்னல் கம்பி முழுக்கப் பிள்ளைகள் முகம். பின்னால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கிருஷ்ணம்மாள். "இன்னாம்மா இது?" என்று கேட்டால், "எனக்கு மட்டும் கண்ணு இல்லியா சார்? புள்ளைங்கள வுட்டுட்டு வரக்கூடாதுன்னுதான் கூட்டிகினு வந்தேன்" என்கிறாள். ஆரம்பத்திலிருந்தே நின்றிருக்கிறார்கள். நான் டார்ச்சைக் கீழே இறக்கினேன். மாப்பிள்ளை, அனந்தி தெருவில், மண்ணில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் எங்கள் தெருவின் செம்பட்டை நாய் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதன் தலைமேல் இருந்தது அவள் கை.

அத்தை கத்தப் போனாள், நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். வெளிச்சத்தைக் கண்டு அனந்தி குனிந்து பார்த்தாள். தன் கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. உதடு கோணியது. அழப் போகிறாள் என்றே நினைத்தேன். நாய் வாலை ஒரு தட்டுத் தட்டியது. குழந்தை கையை எடுக்கவில்லை. "இதுக்குப் பேர் என்ன தாத்தா?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாக எங்கள் எச்சில் இலையைத் தின்று எங்கள் தெருவைக் காத்த அந்த ஜீவனுக்கு ஒருவரும் பேர் வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் வெட்கிப் போனோம்.

இன்று காலை அனந்தி என் விரலைக்கூடப் பிடிக்காமல் கோயில் வரை நடந்தே வந்தாள். என் இடுப்பு தங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆகவே என் தீர்மானமான அபிப்பிராயம்: இப்படம் பிள்ளைகளுக்கு முற்றிலும் ஏற்றது. முதலிலிருந்து முடிவுவரை ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. தெருப் பெரியவர்கள் அனைவரும் இதை ஒருமனதாக ஆமோதிக்கிறார்கள்.

ஜெயவதிக்கும் தங்களுக்கும் எங்கள் ஆசிகள். அறம் தங்கள் இல்லத்தில் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
குந்துநாதன்

பின்குறிப்பு: மேலே முடிவு என்று எழுதியிருக்கிறேனே தவிர, முடிவை இங்கே ஒருவரும் பார்க்கவில்லை. கரண்ட் வந்ததும் டெக் கரகரவென்று டேப்பைத் தின்றுவிட்டது. நூல் சிக்கெடுத்தே பழகிய நெசவுக்காரர்கள் பத்துப் பேர் கூடி அதை வெளியே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அந்த இடத்துக்கு மேல் திரையில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள்தான் தெரிகின்றன. நாய் கரை ஏறியதா, இல்லையா? தயவுசெய்து கேசட் கடையில் விசாரித்து உடனே தந்தி கொடுக்கவும். ஏறிவிட்டது என்று அனந்தி அடித்துச் சொல்கிறாள். ராத்திரி பிள்ளைகள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்கள். அருணகிரி இன்னும் சாப்பிடவில்லை. ஒருவேளை ஏறவில்லை என்றால், தந்தியில் ஏறிவிட்டது என்றே போடவும்.