மஞ்சள் கார் லாரியில் ஏறிய விதம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் ஒருவாறு நலம். அங்கே நீங்களும் என் மகளும் ஒன்பது நாளாகப் பேசிக்கொள்வதில்லை என்பதைத் தவிர மற்றபடி நலம் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷம்.

மணிக்கூண்டுக் கடிகாரம் பதினொன்று இருபதில் நின்றுபோய், அதை நம்பிய பாதி ஊர் வேலைக்குப் பிந்திப் போன வருஷம். ரயில்காரர்கள் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம் செய்த வருஷம். உங்கள் மனைவி, அப்போது மூன்று வயது, என் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு, அது வெளியே வரும்வரை வீட்டில் எல்லோரும் நான்கு நாள் காத்திருந்த வருஷம். அந்த வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. அதில்தான் எங்கள் பல் டாக்டர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். உங்கள் புதுக் காரைத் துறைமுகத்திலிருந்து ஓட்டி வருவதா, லாரியில் ஏற்றி வருவதா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டுவேன் என்கிறீர்கள் நீங்கள், லாரிதான் என்கிறாள் அவள், முப்பத்து நான்கு வருஷம் கார் ஏற்றும் லாரி ஓட்டிய மாமா சொன்னால் இருவரும் கட்டுப்படுவோம் என்கிறீர்கள். அந்தப் பாரத்தை என் தலையில் இறக்கியதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டர் அதற்கு முன்பே ஒரு காரைத் தபாலாபீஸ் சுவரில் விட்டு வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். மூன்று மாதம் ஊரில் ஒருவருக்கும் பல் பிடுங்க ஆளில்லை, எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தோம். இன்னொரு முறை முறிந்தால் அந்தக் கை குறடு பிடிக்காது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவர் மனைவி, கணக்கு டீச்சர், என்னைக் கூப்பிட்டனுப்பி, "டிரைவரே, இவரை நம்பல, உங்களத்தான் நம்புறேன். வண்டி லாரி மேலதான் வரணும். இவர் ஸ்டியரிங்கத் தொடக்கூடாது" என்றார். "சரிங்கம்மா" என்றேன். அந்தச் சரிங்கம்மாவுக்கு என்ன கதி வந்தது என்பதுதான் விஷயம்.

நானும் மாற்று டிரைவரும், அவர் வாயைத் திறக்காத ஆள், மௌனி என்றே கூப்பிடுவோம், டாக்டரை நடுவில் உட்காரவைத்துக் காலி லாரியோடு துறைமுகக் கிடங்குக்குப் போனோம். அங்கே நின்றது கார், மாப்பிள்ளை, எலுமிச்சை மஞ்சள் நிறம், என் இடுப்பு உயரம்கூட இல்லை. நான் அதுவரை எத்தனையோ ஆயிரம் கார் ஏற்றி இறக்கியவன், எதையும் சரக்காகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என்னை அறியாமல் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். டாக்டர் குனிந்து அதன் முன்பக்கத்தை, நோயாளி வாயைத் திறந்ததுபோல் உள்ளே உள்ளே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவரே, வீட்டுக்குப் போயிட்டா அவ என்னைத் தொட விடமாட்டா. எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு வழி ரோடுதான். நான் ஓட்டிட்டு வர்றேன், நீங்க பின்னாலயே வாங்க. ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி எடை மேடைகிட்ட ஏத்திக்குவோம். லாரி மேலதான வந்துச்சுன்னு அவளும் கண்ணால பாப்பா."

முடியாது என்றுதான் சொல்ல வந்தேன். அந்தச் சொல் வாய்க்குள் இருக்கும்போதே கிடங்கு மெக்கானிக் எஞ்சினைப் போட்டுவிட்டார். பெரிய சத்தமில்லை. ஆனால் பத்தடி தள்ளி நின்ற என் லாரியின் கருவிப் பெட்டி மூடி தானாக நடுங்கியது. என் உள்ளங்கால் வழியாக ஏதோ ஒன்று ஏறிப் பல் வரைக்கும் வந்தது. நான் சரி என்றேன். வேறு யார் நின்றிருந்தாலும் சரி என்றிருப்பார்கள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். அப்போதுதான் மெக்கானிக் கண்ணாடியில் ஒரு காகிதத்தை ஒட்டினார், புது எஞ்சின், முதல் ஆயிரம் கிலோமீட்டர் அறுபதைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ஆயுசு முழுக்க எண்ணெய் குடிக்கும் என்று. ஆக நாட்டிலேயே வேகமான கார் என் லாரிக்கு முன்னால் ஐம்பத்தைந்தில் போகிறது. முட்டை வேன் முந்தியது. ட்ராக்டர் ஒன்று முந்தலாமா என்று யோசித்தது. சவ வண்டி ஒன்று ஹாரன் அடித்து வழி கேட்டது, டாக்டர் மரியாதையாக ஒதுங்கிக் கொடுத்தார், அதன் டிரைவர் முந்திப் போனபிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனதால் இறந்தவருக்கு எப்படியும் அரைமணி தாமதம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் வந்து தொங்க, பஸ் சாய்ந்தபடியே எங்களைக் கடந்தது. போலீஸ்காரர் ஒருவர் மெதுவாகப் போனதற்கு நிறுத்தினார், மூன்று தடவை சுற்றி வந்தார், "ஏன் சார் உருட்டுறீங்க" என்றார், காரணம் சொன்னதும் அபராதம் போடாமல், "ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க, கேக்கணும்" என்றார்.

பாதி வழியில் டீக்கடை. டாக்டர் இறங்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் கனம் அப்படி, சீட் பள்ளம் அப்படி. ஜன்னல் வழியாக டீயும் பன்னும் கொடுத்தோம், அதனால் நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் நானும் மௌனியும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து இழுத்ததில் சின்னச் சத்தத்தோடு வெளியே வந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. இனி லாரியில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் வரமுடியும் என்றார். மௌனி லாரியை எடுத்தார். கார் என் கைக்கு வந்தது.

அங்கே ஆளே இல்லாத நேர் ரோடு, இரண்டு பக்கமும் வெட்டவெளி. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அறுபது என்றால் அறுபது என்று தெரியும். தெரிந்தேதான் காலை வைத்தேன். பத்து எண்ணும் நேரம். ரோடு என் பக்கமாக ஓடி வந்தது, நான் எங்கும் போகவில்லை. மூச்சை உள்ளே இழுத்தவன் வெளியே விட மறந்துவிட்டேன். நிறுத்தியபோது லாரி கண்ணுக்கே தெரியவில்லை. காத்திருந்தேன். மௌனி வந்து இறங்கி, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அன்றைக்குப் பேசிய ஒரே வார்த்தையைப் பேசினார்: "எனக்கு?"

கொடுத்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எடை மேடை. பலகையைச் சாய்த்துக் காரை ஏற்றினோம். முன்சக்கரம் ஏறியது. அடிவயிறு தட்டி அப்படியே நின்றுவிட்டது, முன்பக்கம் ஆகாயத்தில், பின்பக்கம் பூமியில். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நானூறு கிலோமீட்டரில் ஒரு கீறல் விழாத வண்டியில், லாரிக்கு மூன்றடி ஏறியதில் கை நீளத்துக்குக் கீறல். அந்த நேரம் பார்த்து, பரீட்சைத் தாள் திருத்திவிட்டு ஸ்கூட்டரில் வந்த டீச்சர் எங்கள் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏத்துறீங்களா, எறக்குறீங்களா?"

"எறக்குறோம்" என்றார் டாக்டர். "ஏத்துறோம்" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில்.

டீச்சர் கதவைத் திறந்து எட்டி மீட்டரைப் பார்த்தார். "புது வண்டிக்கு நானூத்தி நாப்பத்தொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

"லாரி மேல வந்துச்சில்ல, சக்கரம் காத்துல சுத்தியிருக்கும்" என்றார் டாக்டர். மௌனி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சர் திட்டவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "எறக்குங்க" என்றார். இன்னொரு பலகையை அடியில் கொடுத்து நெம்பி இறக்கினோம். ஸ்கூட்டர் சாவியை டாக்டர் கையில் வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றார் டாக்டர். "லைசென்ஸ் வாங்கி பதினோரு வருஷமாச்சு. யாரும் கேக்கல." கிளம்பினார். மாப்பிள்ளை, நான் ஓட்டியது ஓட்டம் இல்லை. அந்த இரண்டு கிலோமீட்டரும் கார் ரோட்டோடு பேசிக்கொண்டே போனது. நாங்கள் மூன்று பேரும் வெறும் லாரிப் பக்கத்தில், அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பதினெட்டு வருஷம் டாக்டர் பக்கத்து சீட்டில்தான் போனார், இறக்கிவிட ஆள் வைத்துக்கொண்டு.

ஆகவே என் தீர்ப்பு: லாரியில் ஏற்றுங்கள். பெண்டாட்டி லாரி என்றால் லாரிதான், மீறினால் என் கதிதான். பலகை நீளமான லாரியாகப் பாருங்கள். நீங்கள் இருவரும் உடனே பேசத் தொடங்கி, பஞ்சர் இல்லாமல் நூறு வருஷம் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: மேலே தீர்ப்பு என்று இருக்கும் பத்தியை அடித்துவிடவும். அதை எழுதி முடித்ததும் பேனா நின்றுவிட்டது. "கத பூரா சொல்லிட்டு இதுதான் புரிஞ்சுதா? ஒம்பது நாளா உங்க பொண்ணு லாரி கேக்குறாளா, ஸ்டியரிங் கேக்குறாளா? மாப்பிள்ளை ஒரு தடவையாவது கேட்டாரா?" என்கிறார் பேனா பிடித்தவர். அதனால் நீங்கள் அவளையே கேட்டு, அவள் சொல்கிறபடி செய்யவும். டாக்டர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, மௌனி போன மழைக்குப் போனார். அந்தக் காரை ஓட்டியவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவர், நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் கணக்கு டீச்சர்.