ஹிஸ் என்று ஒரு சத்தம் வரவே இல்லை

எனக்கு ஓர் ஆங்கிலச் சொல்லின் மேல் ஆசை இருந்தது. அதனால் கும்மிடிப்பூண்டியில் ஒரு மெஷின் அரைநாள் சும்மா நின்றது.

"ஹிஸ்" என்பது அந்தச் சொல். காற்று கசிந்தால் வரும் சத்தமாம். சொல்லிப் பாருங்கள், வாயிலிருந்தே காற்று கசியும். கிளாங், ராட்டில், ஸ்க்ரீச் என்று இப்படி நாற்பது சொற்களை நோட்டில் எழுதி, ஊத்துக்கோட்டையிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். காரணம் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேரானால் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதில் "என்ன சத்தம்?" என்று ஒரு கட்டம். அதை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும். எழுதுகிறவர் தமிழர், படிக்கிற மெயின்டனன்ஸ்காரர் தமிழர், ஆடிட்டுக்கு வந்து சரிபார்க்கிறவர் பொதட்டூர்பேட்டைக்காரர். இருந்தாலும் ஆங்கிலம்.

மற்றவர்கள் "அப்நார்மல் சவுண்ட்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் அப்படிப் போக முடியுமா? டிப்ளமோ படித்த டிரெயினி. என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த வாரம்தான் கையெழுத்துக்காக மேனேஜர் மேஜையில் காத்திருந்தது. (அப்பா அதற்குள் தெருவுக்கே சொல்லிவிட்டார்.)

அன்று காலை தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஏதோ சத்தம் போட்டது. அதைப் பதினைந்து வருடமாக ஓட்டும் எஸ்தர் அக்கா சட்டென்று நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இத பாருபா, நல்லா ஓடிக்கினே இருந்துச்சு, திடீர்னு..."

"தெரியும்க்கா, கேட்டேன். நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

நான் கேட்கவில்லை. அந்த நேரம் கேன்டீனில் பொங்கல் தின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் சீட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: கிளாங், ஸ்க்ரீச், ராட்டில். கட்டத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. ஹிஸ்ஸையும் போட்டேன்.

ஹிஸ் என்றால் காற்றுக் கசிவு. மெயின்டனன்ஸ்காரர்கள் நான்கு பேர் சோப்புத் தண்ணீர் கலக்கி, எல்லாக் காற்றுக் குழாய்களிலும் தடவி, குமிழி வருகிறதா என்று மதியம் வரை உற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் லாரியில் சரக்கு ஏற்றியாக வேண்டும். மேனேஜர் வேறு வழியில்லாமல், மெஷின் செய்த கம்பெனியின் கொரியா இன்ஜினியரை வீடியோ காலில் பிடித்தார். மெஷினை ஓட்டாதீர்கள், உடைந்துவிடும் என்றார் அவர். பிறகு கேட்டார், என்ன சத்தம்?

"நம்ம பையன் சொல்லுவான். இங்கிலீஷ்ல புலி" என்று மேனேஜர் போனை என்னிடம் நீட்டினார்.

"கிளாங்" என்றேன். கொரியாக்காரர் விழித்தார். அவர் ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான் போலிருக்கிறது. "ஸ்க்ரீச்." விழித்தார். "ராட்டில்." வார்த்தை வேண்டாம், அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டு என்று தன் வாயைத் தொட்டுக் காட்டினார்.

மேனேஜர் எதிரில் வாயால் சத்தம் போடுவதா? படித்த படிப்பு என்ன ஆவது? (அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை என்பது வேறு விஷயம்.) அதே சொல்லை இன்னும் உரக்கச் சொன்னேன்.

"கிளாங்!"

"நோ, நோ. சவுண்ட்!"

"கிளாங்ங்ங்!"

கடைசி அஸ்திரமாக "ஹிஸ்ஸ்ஸ்" என்றேன். அவர் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துத் தன் போனைத் தட்டிப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற எஸ்தர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாபா, உன்னோட ஒரே பேஜாரா கீது! நவுரு அப்பால" என்று போனைப் பிடுங்கினார். கண்ணை மூடினார். "டம்மு... டம்மு... டம்மு... கிர்ர்ர்ர்... ணங்!"

கொரியாக்காரர் முகம் மலர்ந்தது. "கிர்ர்ர்?"

"அடியில கிர்ர்ரு. மேல ஏறச்சொல்ல ணங்கு" என்று அக்கா தமிழிலேயே சொல்லிக் கையை ஏற்றி இறக்கினார்.

"ணங்! ஓகே, ஓகே. பேரிங்!"

மேனேஜர் மெதுவாகக் கேட்டார், "எஸ்தர், காத்து போற சத்தம் எதுனா வந்துச்சா?"

"காத்தா? இது இன்னா சார், பஞ்சர் கடையா?"

மேனேஜர் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அந்த பிரஸ்ஸுக்கு அடியில் தலையைக் கொடுக்கலாம் போலிருந்தது. (அதுவும் ஓடவில்லை.)

பேரிங் மாற்றினார்கள். லாரி கிளம்பியது. என் கடிதம் மட்டும் அலமாரிக்குள் போய் ஆறு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதைவிட, விஷயம் தெரிந்தவர் சொல்ல வாயெடுத்ததை நடுவில் வெட்டினேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. சீட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. சத்தத்துக்கான கட்டத்தின் கீழே "எஸ்தரைக் கேட்கவும்" என்று அச்சடித்தார்கள். அதையும் ஆங்கிலத்தில்தான்.

வருடங்கள் ஓடிவிட்டன, இந்தக் கதை என் வீட்டிலும் பிரபலம். போன மாதம் என் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. "இன்னா சார் சவுண்டு வருது?" என்று மெக்கானிக் கேட்டார். ஊத்துக்கோட்டை பஜார் நடுவில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கிரீச்ச்... கடகட... டொப்" என்று வெட்கப்படாமல் முழுசாகப் போட்டுக் காட்டினேன். ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். நான் பெருமையாகத் திரும்பினால், பின்னால் நின்ற என் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, ஹிஸ்ஸ உட்டுட்டியே!"