என் ஒற்றை அறையில் குடியிருக்கும் பதினொரு குழந்தைகள்

மதிப்பிற்குரிய ஒதிலியா அக்காவுக்கு, தம்பி திபேரியூ வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், உன் மகள் சொரானா நலம், நான் பழுதுபார்க்கும் லிஃப்டுகள்தான் நலமில்லை.

மார்ச் 27, வியாழன், காலை 8.40. என் ஒற்றை அறையில் இருந்த குழந்தைகள் பதினொன்று. நம்முடையது ஒன்று. மீதி பத்தும் வீட்டுக்கார வெதூரியா அம்மாவின் கைவேலை. எங்கள் தெரு பூங்காப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது; எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் அங்கே இடம். எட்டாம் வகுப்புத் தேர்வில் நகரத்திலேயே முதல் பள்ளி. அதனால் ஊர் முழுக்க உள்ள பெற்றோருக்கு இங்கே ஒரு தற்காலிக முகவரி வேண்டும். அந்த அம்மா என்னைக் கேட்காமலே பத்துப் பேரை என் வீட்டில் பதிந்துவிட்டார். சண்டைக்குப் போனால், "பேரு மட்டும்தான் குடியிருக்கும் தம்பி, பேருக்கு எதுக்குக் கட்டில்?" என்கிறார்.

அன்று முகவரியைச் சரிபார்க்கப் போலீஸ்காரர் வருகிறார் என்று பத்துக் குடும்பமும் பிள்ளைகளைச் செருப்பும் பொம்மையுமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டன. எல்லாரும் எங்கே படுக்கிறார்கள் என்று அவர் கேட்டார். ஷிஃப்ட் போட்டுப் படுக்கிறார்கள் என்றார் வெதூரியா அம்மா. அவர் முறைப்பதற்குள் மூலையிலிருந்து அந்தப் பத்தில் ஒரு சிறுமி "அப்பா" என்று ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அவர் பேனாவை எடுத்து மளமளவென்று எழுதினார். பத்தும் சரி. கடைசியாக, பேச்சுக்குத்தான், சொரானாவிடம் திரும்பினார்.

"நீயும் இங்கதான் இருக்கியா கண்ணு?"

"இல்ல. எங்க வீடு இத்தாலியில, அம்மாகிட்ட இருக்கு. மாமா என்னைச் சும்மா வெச்சிருக்காரு."

உண்மையாகவே இங்கே வசிக்கும் ஒரே குழந்தைக்கு இடமில்லை. டிராம் டிப்போ பள்ளிக்குத் தள்ளிவிட்டார்கள். தேர்வுப் பட்டியலில் கடைசியில் கிடக்கும் பள்ளி. கத்தத்தான் போனேன் அக்கா. ஆசிரியை ஸ்மராந்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சத்தம் போட வந்தீங்களா, சேர்க்க வந்தீங்களா? சேர்க்கன்னா உக்காருங்க" என்றார். ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆயத்த வகுப்பில் ஆறே குழந்தைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உட்கார்ந்து சொல்லித்தருகிறார். இங்கே வந்தபின் வாயே திறக்காத உன் மகள் அங்கே கைதூக்கி நாலு கேள்வி கேட்டாள், அக்கா, நாலு! வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பூங்காப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் மாலையில் டியூஷன் போகிறார்கள். அந்த முதலிடம் பள்ளியுடையது இல்லை, டியூஷனுடையது. தேர்வை வைத்துப் பள்ளியை அளவெடுப்பதே தப்பு! நாளை சான்றிதழ்களோடு போய்ச் சேர்த்துவிடுவேன். நீ நிம்மதியாகத் தூங்கு.

நீ பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாவின் முழங்கால் குணமாகட்டும், ஈஸ்டருக்கு உனக்கு விடுப்பு கிடைக்கட்டும்.

அன்புத் தம்பி,
திபேரியூ

பின்குறிப்பு: மேலே உள்ளதை நம்பாதே. பெருமை தாங்காமல் இதைப் படிக்கட்டில் நின்று வெதூரியா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் பத்துக் குடும்பமும் டிப்போ பக்கம் இருக்கும் அவருடைய தங்கை வீட்டில் பேரளவில் குடியேறிவிட்டன. இனி நான் செய்யப்போவது:

1. விடிவதற்கு முன்பே டிப்போ பள்ளி வாசலில் நிற்பேன்.
2. வரிசையில் யாரிடமும் அந்தப் பள்ளியைப் புகழமாட்டேன். முடிந்தால் திட்டுவேன்.
3. அங்கே இடம் போயிருந்தால் சொரானாவைத் தூக்கிக்கொண்டு பூங்காப் பள்ளிக்கு ஓடுவேன். அங்கே இப்போது பத்து இடம் காலி.