வாத்துத்தலை வாளுக்கு வரி

“இந்த ஒரு வாளுக்கு மட்டும் சல்லிக்காசு வரி கட்ட மாட்டேன்” என்று அப்பா சபதம் போட்டார். பல் தேய்த்துக்கொண்டே போட்டதால் பாதிச் சபதம் கண்ணாடி மேல் தெறித்தது.

அப்பா லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவர். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குவார். வீட்டில் மட்டும் அவர் எப்போதும் தரைத்தளம். மேல்தளம் அம்மா. முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்தச் சீருடைகளுக்குப் பட்டன் தைக்கிறேன். ஏன் விட்டேன் என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் செத்துப்போய் இரண்டு வருடம். காய்ச்சல் என்று படுத்தான், எழுந்திருக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவனுக்கு வாள் பைத்தியம். அலமாரிக் கதவில் ஒரு வெளிநாட்டு வாளின் படத்தை ஒட்டி வைத்திருந்தான். கைப்பிடியில் ஒரு பறவைத் தலை. அவன் கழுகு என்பான். நான் வாத்து என்பேன். அதற்கே தினமும் அடிதடி.

அவன் போன பிறகு அப்பா வாள் வாங்க ஆரம்பித்தார். எல்லாம் அலங்கார வாள்கள், வெண்ணெயைக்கூட வெட்டாது. கூடவே வரும் சுங்க வரிதான் நன்றாக வெட்டும். வந்த வாளை அண்ணன் அறையில் மாட்டுவார். “ஆயுதம் இருக்கிற ரூம், யாரும் போகக் கூடாது” என்று பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். சாயங்காலம் அவர் மட்டும் உள்ளே போவார். ஒரு சத்தமும் வராது. அண்ணனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் உடனே பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ லிஃப்ட் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அம்மா அந்தக் கதவுக்கு வெளியே துடைத்துக்கொண்டே இருப்பாள். வீட்டிலேயே அந்த இடத்துத் தரை மட்டும்தான் பளபளக்கும்.

இப்போது அந்தப் படத்தில் இருந்த அதே வாள் விற்பனைக்கு வந்துவிட்டது. அதற்குத்தான் சபதம்.

“பார்சல் மேல என்ன எழுதச் சொல்லியிருக்கேன் தெரியுமா?” என்றார் என்னிடம். “மனைவிக்குப் பரிசு. காய்கறிக் கத்தி. மதிப்பு ஒன்றுமில்லை. பரிசுக்கு எவன் வரி கேப்பான்?”

“மாட்டிக்குவப்பா.”

“வாய வைக்காத.”

அப்பா ஒரே ஒரு தப்புதான் பண்ணினார். பெறுகிறவரின் போன் நம்பர் கேட்டார்கள். அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்திலேயே ஒன்றுதான், அம்மாவுடையது. தன் நம்பரே அவருக்குத் தெரியாது. அம்மாவுடையதைச் சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்து, மனைவி நேரில் வர வேண்டும் என்று சுங்க ஆபீஸிலிருந்து தபால் வந்தது. அப்பா மெஷின் பக்கத்தில் போய் நின்றார்.

“இந்தாம்மா, உனக்கு ஒரு பரிசு வந்திருக்கு. சுங்க ஆபீஸ்ல நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்றாங்க.”

மெஷின் நின்றது. “எனக்கா? பரிசா? ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“ஒரு கத்திம்மா. காய் வெட்ட.”

“வெளிநாட்டுல இருந்தா? இங்க வெங்காயம் வெட்டுப்பட மாட்டேங்குதுன்னு யாரு அழுதா?”

“இந்தக் கத்தியால வெட்டினா யாருமே அழ மாட்டாங்க. அப்படிப்பட்ட கத்தி.”

“எவ்ளோ நீளம்?”

அப்பா கைகளை விரித்தார். விரிந்துகொண்டே போனது. சட்டென்று பாதியாகச் சுருக்கினார்.

“அங்க கேட்டா நான் என்ன சொல்லணும்?”

“காய்கறிக் கத்தி, மதிப்பு ஒன்னுமில்ல. அவ்ளோதான்.”

“மதிப்பு ஒன்னுமில்ல.” அம்மா மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். “சரி.”

அந்த ‘சரி’யிலேயே அப்பா உஷாராகியிருக்க வேண்டும். அம்மா எதற்கும் ஒரே தடவையில் சரி சொன்னதாக எங்கள் குடும்ப வரலாற்றில் கிடையாது.

சுங்க ஆபீஸில் மேசைக்கு இந்தப் பக்கம் நீள வரிசை. அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுப் பெட்டியைப் பிரித்தார். வாள் வந்தது. வந்துகொண்டே இருந்தது. மேசைக்கு வெளியேயும் நீட்டிக்கொண்டது.

“இதுல என்ன காய் வெட்டுவீங்க?”

“பூசணிக்காய்” என்றார் அப்பா.

“தோட்டத்தோடயா?”

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஒற்றை விரலால் அந்தப் பறவைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இது உங்களுக்கு வந்த பரிசாம்மா?”

“அவரே எழுதியிருக்காரே.”

“மதிப்பு ஒன்னுமில்லன்னு போட்டிருக்கு. சரிதானா?”

அப்பா பின்னாலிருந்து ‘சரி’ என்கிற மாதிரியே இருமினார்.

“இல்லங்க” என்றாள் அம்மா. “என் பையன் ஆசைப்பட்ட வாள் இது. அவன் இப்ப இல்ல. மதிப்பு ஒன்னுமில்லன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நெஜ விலையைப் போடுங்க. வரி கட்டிடறேன்.”

அப்பாவின் இருமல் நின்றது.

அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அபராதமும் சேரும்மா.”

“தெரியும். நீங்கதான் போன்லயே சொன்னீங்களே.”

“போனா? எந்த போன்?” என்றார் அப்பா.

“என் நம்பரைத்தானே குடுத்தீங்க? நீங்க பரிசுன்னு வந்து நிக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும்.” அம்மா பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். அப்பா தன் டூல்ஸ் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த பணப் பொட்டலம்.

“அது... அடுத்த வாளுக்குன்னு...”

“அடுத்த வாள் கிடையாதுங்க. இதோட போதும்.”

பஸ்ஸில் வழியெல்லாம் அப்பா வாளை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடியே வந்தார். வீட்டு வாசலில் அம்மா கையை நீட்டினாள்.

“குடுங்க.”

“நான் மாட்டிக்கறேன்மா.”

“எனக்கு வந்த பரிசு. ரசீதும் என் பேர்ல. நான்தான் மாட்டுவேன்.”

“எங்க?”

“அவன் ரூம்ல. சாவி.”

அப்பா என்னைப் பார்த்தார். “என்னைப் பாக்காதப்பா, மனைவிக்குப் பரிசுன்னு நீதானே எழுதச் சொன்ன” என்றேன். அவருக்கு இடுப்பிலிருந்து சாவியை உருவவே வரவில்லை. அம்மாவே உருவிக்கொண்டாள்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் ஆணி அடிக்கிற சத்தம். அப்புறம் அழுகைச் சத்தம். அம்மாவுக்கு அழ வராது என்று நான் நினைத்திருந்தேன். அப்பா அந்தப் பளபளக்கிற தரையில், செருப்பைக்கூடக் கழற்றாமல், அம்மா வருகிற வரைக்கும் நின்றார்.

வெளியே வந்த அம்மா, கழுத்தில் கத்தரிக்கோல் தொங்குகிற நாடாவிலேயே சாவியையும் கோத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். “சாவி.”

“உள்ள போக வரி உண்டு.”

“என்ன வரி?”

“அவனைப் பத்தி ஏதாவது ஒன்னு சொல்லணும். எங்க காதுல விழற மாதிரி.”

அப்பா பையை எடுத்தார். வாசல் வரைக்கும் போனார். திரும்பி வந்தார்.

“அது வாத்துதான்னு அவனுக்கே தெரியும்” என்றார். “எங்கிட்ட சொல்லியிருக்கான். தங்கச்சிகிட்ட தோத்துடக் கூடாதுன்னுதான் கழுகு கழுகுன்னு அடம் பிடிச்சான்.”

பட்டன் தைக்கிற ஊசி குத்தியதால் என் கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுத நினைத்தேன். பொய். ஊசி குத்தவே இல்லை.

அம்மா சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். முதல் தடவையாக எதையும் குறைத்துக் காட்டாமல் வரி கட்டிவிட்டு அப்பா உள்ளே போனார்.

அடுத்த நாளே அம்மா வரியை இரண்டாக்கிவிட்டாள்.