ஆன்ட்டிபாடி ஏலம்

எண் வீரர்கள் என்று ஓர் இனம் உண்டு. கொரோனாவின் ஆர்ப்பாட்டம் அடங்கியும் இவர்கள் அடங்கவில்லை. சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று சொல்லாமல், என்றோ ரத்தம் கொடுத்துப் பார்த்த ஆன்ட்டிபாடி அளவை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு செய்துகொண்ட பொருளின் அளவை, கைபேசியில் தேடி எடுத்து, பெரிதாக்கி, உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, வாய்விட்டுப் படித்தும் காட்டி, "ஒங்களுக்கு எவ்வளவு?" என்பார்கள். தெரியாது என்றால் தொலைந்தீர்கள்.

எங்கள் கிளிஞ்சல்மேட்டில் இந்த இனத்துக்குத் தலைவர் படகுக்காரர் முத்தையன். தினமும் கரையில் மீனை ஏலம் விடுகிற வாய் அல்லவா?

"எனக்கு ரெண்டாயிரத்துக்கு மேல. ஒனக்கு?"

"முன்னூத்திச் சொச்சந்தாண்ணே," என்பார் மீன் வியாபாரி பீர் மைதீன், கூடையில் பொடிமீனோடு கரையேறியவரைப் போல.

விடுமுறைக்கு வந்த என் தங்கை தமிழரசியிடமும் கைபேசி நீண்டது. அவள் ஆராய்வதே இதைத்தான். நான் எட்டாவதோடு விட்ட மிச்சத்தையெல்லாம் எங்கள் வீட்டில் அவள்தான் படித்து முடித்தாள்.

"எத்தனைங்கிறது மட்டும் பத்தாது மாமா. ஆன்ட்டிபாடி ஒரு பக்கத்தால கிருமியைப் புடிக்கும். வால் பக்கம் சின்னதா ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கும். ஒடம்புக்குள்ள காவல் காக்குற அணுக்களுக்கு 'அடி'ன்னு குரல் எவ்வளவு சத்தமாப் போவணும்னு அதுவும் தீர்மானிக்கும். அதுல ஒரு சர்க்கரை கொறைஞ்சா குரல் எகிறிரும். கொரோனா முத்துன சிலபேருக்கு அப்படித்தான் இருந்துச்சு. காவலு கிருமியோட சேத்து நுரையீரலையும் போட்டு அடிச்சிரும்."

"படகு இழுக்கையில குரல் குடுக்குறவன் வெறிபுடிச்சுக் கத்துற மாதிரி?"

"அதேதான் மாமா."

"நம்மகிட்ட ரெண்டாயிரம் பேரு இருக்கான். ஒருத்தன் கத்துனா மத்தவன் அடக்கிருவான்."

மழைக்காலத்தில் முத்தையனுக்கு மீண்டும் அதே கொரோனா. காய்ச்சல் ஏறி, மூச்சு இளைத்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றும் அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ரெண்டாயிரம்... வச்சிருக்கவன்... ஆஸ்பத்திரிக்குப் போனா... ஊரு சிரிக்காது?"

மனைவி வடிவாம்பாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கைபேசியைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தார். "நம்பரு வூட்டுலயே கெடக்கட்டும். நீங்க மட்டும் ஏறுங்க வண்டியில!"

ஏறினார். ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொல்ல வந்த மருத்துவரிடம், முகமூடிக்குள்ளிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "அய்யாவுக்கு எவ்வளவு?"

பிழைத்து வந்தவர் திருந்தியிருக்க மாட்டார் என்றா நினைக்கிறீர்கள்? திருந்திவிட்டார். இப்போது எண்ணைச் சொல்வதே இல்லை. "எண்ணிக்கை கெடக்கு மைதீன். நம்மளுது சங்கிலி சுத்தம்," என்கிறார். ஊர்ப் பரிசோதனைக் கூடங்களில் அந்தச் சர்க்கரைச் சங்கிலியைப் பார்க்க வழியில்லை. ஆகவே யாராலும் மறுக்க முடியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது உங்கள் எண் ஒருமுறையாவது நினைவுக்கு வந்ததா? வந்திருந்தால் கரைக்கு வாருங்கள். ஏலத்தை ஆரம்பிக்காமல் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார் முத்தையன்.