மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி குறித்து

வெஸ்டர்லி, நெப்ராஸ்கா
நன்றித் திருநாளுக்கு முந்தின புதன்கிழமை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஆர்விட் லின்ட்க்விஸ்ட் அவர்களுக்கு லாம்பர்ட் குசேக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி அர்லீன், மகள் டெனிஸ், நம் இருவருக்கும் பொதுவான பேத்தி பெய்ஜ், தங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமான கர்டிஸ் ஆகிய அனைவரும் தேக சுகத்துடன் இருக்கிறோம். கல்லூரிக் கால்பந்து அணி சுகமாக இல்லை. ஆரிகனில் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், மைதானத்தின் பதினான்காம் பகுதியில் ஆண்டுச் சீட்டு வைத்திருக்கும் நாங்கள் அறுபத்திரண்டு பேர் கூடினோம். ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒரு தீர்மானம் நிறைவேறியது. நமது அணி முதல் முயற்சியிலேயே பந்தை வீசி ஆடத் துணியும் நாள்வரை, ஆட்டத்தன்று வண்டி நிறுத்துமிடத்தில் நாங்கள் காய்ச்சும் சில்லிக் குழம்போடு இலவங்கப்பட்டை ரொட்டி பரிமாறப்பட மாட்டாது. இதன் கனம் ஆரிகனில் வசிப்பவருக்கு உடனே விளங்காமல் போகலாம். இந்த மாநிலத்தில் பள்ளிப்பிள்ளை முதல் நீதிபதி வரை சில்லியை அந்த இனிப்பு ரொட்டியோடுதான் சாப்பிடுகிறார்கள். பனிப்புயலில் மாடுகள் நின்றபடியே விறைத்துப்போன ஆண்டில்கூட ரொட்டி நிற்கவில்லை. ஆதரவு அறுபது, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று ரொட்டி சுடும் அம்மாளுடையது. உறவுமுறையை உத்தேசித்து நான் வாக்களிக்கவில்லை.

இந்தத் தீர்மானத்துக்குக் காரணம் தங்கள் மகன் என்று எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மாப்பிள்ளை அருமையான மனிதர். யாரும் சொல்லாமலே குப்பைத் தொட்டியை வாசலில் கொண்டுபோய் வைப்பார், என் மகளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் அவர் இந்த அணியின் தாக்குதல் பயிற்சியாளர். பந்து நம் கையில் இருக்கும்போது அடுத்து என்ன செய்வது என்று சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ தூக்கி வீசியோ நான்கு முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்ற விதி என் இளமைக்காலம் முதல் மாறவில்லை. மாப்பிள்ளை முதல் முயற்சியில் நடுவே ஓடச் சொல்கிறார், இரண்டு கஜம். இரண்டாவதிலும் நடுவே ஓடச் சொல்கிறார், ஒரு கஜம். மூன்றாவது முயற்சி, இன்னும் ஏழு கஜம் பாக்கி, நாற்பதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், கர்த்தரே இந்த ஒரு தடவையாவது என்கிறோம், அப்போதும் நடுவேதான். நான்காவது முயற்சியில் பந்தை எதிராளியை நோக்கி உதைத்து ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். உதைக்கும் பையனுக்கு இந்த ஆண்டு மாநில விருது கிடைத்திருக்கிறது, அவ்வளவு பயிற்சி அவனுக்கு.

இதனால் ஊரில் எனக்கு நேர்ந்துவருபவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கறிக்கடைக்காரர் என்னைக் கண்டதும், "நடுத்துண்டு தானே சார்? உங்க வீட்டுல ஓரம் யாருக்கும் பிடிக்காதே" என்கிறார். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டுக் காசு கொடுத்துவிட்டு வருகிறேன். திங்கட்கிழமை வானொலியில் ரசிகர்கள் பேசும் நிகழ்ச்சியில் ஒருவர், "அந்தாளுக்குப் பதிலா எங்க வீட்டு நாயை நிறுத்துங்கய்யா, அதாவது எப்பவாச்சும் வலது பக்கம் ஓடும்" என்றார். குரலை வைத்துப் பார்த்தால் அவர் எங்கள் போதகர். இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் நேரில் சொல்லிவிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நன்றித் திருநாளன்று, உருளைக்கிழங்கு மசியலின் மேல் பட்டாணிகளை அடுக்கி ஓர் ஆட்டமுறையை அவருக்கு விளக்கினேன். அன்றைக்கே அர்லீன், "இந்த மேஜையில இனிமே கால்பந்துப் பேச்சு எடுத்தீங்க, தட்டை எடுத்துட்டு வண்டிக் கொட்டகைக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டாள். கொட்டகையில் கணப்பு கிடையாது. தொலைபேசியில் சொன்னால் அவள் காதில் விழும். ஆகவே இக்கடிதம்.

இப்போது மூக்குக்கண்ணாடிக்கு வருகிறேன். தாங்கள் முப்பது ஆண்டுகள் கண்ணாடிக் கடை நடத்தியவர். அந்தக் கடையில் வளர்ந்த பிள்ளைக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கும் பழக்கம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர் எப்போது துடைக்கிறார் என்பதைத் தாங்கள் கவனித்திருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தில் நான் ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கையில் துணிச்சலான சீட்டு இருந்தால் கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கும். கழற்றித் துடைத்தால், பயந்து சின்னச் சீட்டாக இறக்கப்போகிறார் என்று அர்த்தம். இந்த ஆறு ஆண்டில் நான் அவரிடம் ஒரு முறைகூடத் தோற்றதில்லை. அதனால் அவரிடம் சொல்லவும் இல்லை. மைதானத்திலும் இதே கதைதான். எதிரணி உதட்டசைவைப் படித்துவிடக் கூடாதென்று வாயை அட்டையால் மறைத்துக்கொண்டுதான் பேசுகிறார், மிகவும் கவனமான மனிதர். பிறகு அந்த அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கக் கண்ணாடியைத் துடைக்கிறார். நடுவே ஓட்டம் வருகிறது.

செப்டம்பரில் ஓர் ஆட்டத்தில், என் பக்கத்து இருக்கைக்காரரும் டிராக்டர் வியாபாரியுமான கேலார்ட் ஸ்வான்சன், "யோவ் லாம்பர்ட்டு, உம்ம மருமகன் அங்க நின்னு யோசிக்கிறாரா, இல்ல பஸ்ஸுக்குக் காத்திருக்காரா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்ணைக் கொடுத்தவன் நான், பேசாமல் இருக்க முடியுமா? "யோசிக்காம என்ன? இந்தத் தொலைநோக்கியில நல்லா பாரும். கண்ணாடியைத் துடைக்கிறாருல்ல? அதுதான் யோசனை. துடைச்சு முடிச்சதும் பாரும், நடுவுலதான் ஓட விடுவாரு" என்றேன். அவர் பார்த்தார். நடுவேதான் ஓடினார்கள். கேலார்ட் தொலைநோக்கியைத் திருப்பித் தரவே இல்லை. அடுத்த முறை கண்ணாடி கழன்றதும் அவர் எழுந்து நின்று "நடுவுல!" என்று கத்தினார். அதற்கடுத்த முறை எங்கள் வரிசை முழுவதும் கத்தியது. அக்டோபரில் பதினான்காம் பகுதியின் நானூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், அதில் ஒருவர் ஊதுகொம்பு வேறு கொண்டுவந்திருந்தார். பந்து நம் அணியின் கையில் இருக்கும்போது, ஆட்டக்காரர்களுக்குக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக நம் ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பது இந்த மைதானத்தின் மரபு. முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு பேர் அந்த மரபைக் காத்தார்கள். அந்த அமைதியில் நாங்கள் தெளிவாகக் கேட்டோம்.

எங்கள் இருக்கைகளுக்கு நேர் கீழேதான் எதிரணியின் பெஞ்சு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் முன்பு நடந்த ஆட்டத்தில், எதிரணியின் தடுப்புப் பயிற்சியாளர் மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி எங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் கத்தினோம். அவர் நன்றி சொல்வதுபோலத் தலையசைத்துவிட்டுத் திரும்பித் தம் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். ஆறு பேர் நடுவே வந்து அடைத்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை ஆண்டில் எந்தப் பயிற்சியாளரும் எங்கள் கருத்தை இவ்வளவு மதித்துக் கேட்டதில்லை என்று எங்களில் சிலர் பெருமைப்பட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன். அணி தொடர்ந்து நான்காவது முறையாகத் தோற்றது.

சம்பந்தி அவர்களே, இனி விளையாட்டில்லை. வரும் வெள்ளிக்கிழமை ஹேஸ்லட் கல்லூரியோடு கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் மாப்பிள்ளைக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். இவ்வூரில் இருப்பது ஒரே கல்லூரி. வேலை போனால் அவர்கள் ஊரை விட்டே போக வேண்டும். பெய்ஜ் புதன்கிழமை மதியம்தோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இதை எழுதும்போதும் எதிரே தரையில் உட்கார்ந்து என் திருகாணிகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் வேண்டுமென்றே கலைத்து வைத்தவை. தாங்கள் அவளை ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கிறீர்கள், அது தங்களுக்குப் பழகியிருக்கும். எனக்கு எழுபத்தொரு வயதாகிறது, பழகிக்கொள்ள விருப்பமில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை, ரொட்டித் தீர்மானம் நிறைவேறிய உற்சாகத்தில் எல்லோரும் இருந்தபோது, வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் கண்ணாடி கழன்றாலும் காது கழன்றாலும் பதினான்காம் பகுதி வாய் திறக்காது என்று ஓர் உறுதிமொழியை நீட்டினேன். "அப்போ நாங்க கத்துறதாலதான் தோக்குறோமா? அந்தாளு நடுவுல ஓட்டுறதால இல்லையா?" என்று கேலார்ட் குதித்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: "வெள்ளிக்கிழமை தோத்துச்சுன்னா, அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி நான் எழுதி வச்சிருக்கிற மனுவுல முதல் கையெழுத்து உம்முது. சம்மதமா?" சம்மதம் என்றேன். மூன்று நாள் அலைந்து, எழுதத் தெரியாத ஒரு குழந்தை நீங்கலாக, பகுதி முழுவதும் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அழுக்கும் பனியும் படியாத கண்ணாடி, அல்லது தலையோடு கட்டிக்கொண்டால் எளிதில் கழற்ற முடியாத வகை, இரண்டில் எது கிடைத்தாலும் கிறிஸ்துமஸ் பரிசு என்ற பெயரில் மகனுக்கு அனுப்பி வையுங்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குப் பதினான்காம் பகுதி பொறுப்பு, அடுத்த ஆண்டுக்குத் தாங்கள் பொறுப்பு. சீட்டாட்டத்தில் இதனால் எனக்கு வரும் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு அர்லீனின் அன்பு. தங்கள் குடும்பம் நோய்நொடியின்றியும், முடிந்தால் முதல் முயற்சியிலேயே பந்தை வீசியும் நெடுநாள் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
லாம்பர்ட் குசேக்

பின்குறிப்பு (டிசம்பர் 12): தபால்தலை தீர்ந்துபோனதால் கடிதம் இத்தனை நாளும் மேஜையிலேயே கிடந்துவிட்டது. மேலே கண்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம். நன்றித் திருநாளன்று வான்கோழியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே அர்லீன், "ஏங்க, கண்ணாடி விஷயம் மாப்பிள்ளைக்கு ரெண்டு வாரமாவே தெரியுமாம். கடைசி ஆட்டத்துக்குன்னு பொத்தி வச்சிருக்காராம். இவரு துடைப்பாராம், நீங்கள்லாம் கத்துவீங்களாம், அவனுங்க நடுவுல கூடுவானுங்களாம், இவரு தூக்கி வீசச் சொல்லிடுவாராம்" என்றாள். "இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றேன். "நீங்க கேலார்ட்கிட்ட சொல்லிடுவீங்கன்னு டெனிஸ்தான் வேண்டாம்னா" என்றாள். வெள்ளிக்கிழமை காலை, ரொட்டியில்லாத சில்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கேலார்டிடம், இன்று கத்தினால் நன்றாக இருக்கும்போலத் தோன்றுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். "வீடு வீடா வந்து கையெழுத்து வாங்கினது யாருய்யா? போட்டது போட்டதுதான்" என்றார். காரணம் சொல்ல வழியில்லை. அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது ஹேஸ்லட்டில்.

கடைசி இரண்டு நிமிடத்தில் 20–17 என்று பின்தங்கியிருந்தோம். மூன்றாவது முயற்சி, இரண்டு கஜம் தேவை. மாப்பிள்ளை அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் கத்தலின் பயனை முன்பே கேள்விப்பட்டிருந்த ஹேஸ்லட் பயிற்சியாளர் திரும்பி எங்களை அண்ணாந்து பார்த்தார். நானூறு பேரும் கல்லாய் உட்கார்ந்திருந்தார்கள். அவர் காத்திருந்தார். நான் எழுந்து நின்று, "நடுவுல! நடுவுலதான்யா!" என்று என்னால் முடிந்தமட்டும் கத்தினேன். வானொலியிலும் கேட்டதாக அர்லீன் சொன்னாள். "லாம்பர்ட்டு! கையெழுத்துப் போட்ட மனுஷன் செய்யற காரியமாய்யா இது!" என்று கேலார்ட் என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, நடுவே அடைத்து நின்றவர்களின் தலைக்கு மேலாகப் பந்து அறுபத்தொரு கஜம் போய், ஆளில்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்த நம் பையனின் கையில் விழுந்தது. 24–20.

மனுவைக் கேலார்ட் கிழித்துப் போட்டுவிட்டார். ரொட்டித் தீர்மானம் ரத்தாகிவிட்டது. வாக்குமீறியதற்காக எனக்கு மட்டும் அடுத்த ஆண்டு முழுவதும் ரொட்டி கிடையாது என்று இன்னொரு தீர்மானம் அறுபத்தொன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் நிறைவேறியது. இம்முறையும் நான் வாக்களிக்கவில்லை. அந்தக் கடைசி வீச்சைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தங்கள் மாநிலத்துப் பெரிய கல்லூரி ஒன்று மாப்பிள்ளையை அழைத்ததும், அவர் ஒப்புக்கொண்டதும் தங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தங்கள் வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடம் என்று டெனிஸ் சொன்னாள். பெய்ஜுக்கு ஜனவரி ஆறாம் தேதி அங்கே பள்ளி தொடங்குகிறது.